அந்தத் துரையும் சத்தம் போட்டாரா?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் எழுதுவேன். வாய்ப்பாடு மனத்தில் நிற்காத பிள்ளை, பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளை, கையெழுத்து கோணிப்போகும் பிள்ளை என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். இந்த முறை, கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் வேறு யாருமல்லர். என்னைப் பெற்ற தகப்பனார்தான்.

சென்ற ஆண்டு ஒரு நாள். விடியற்காலை நாலரை மணி இருக்கும். அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பா பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரங்களுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பெரட்டுக்கு நேரமாச்சு. என் கத்திய எங்க வச்சீங்க?" என்றார்.

அப்பா பால்வெட்டை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவர் நிறை பிடித்து வெட்டிய மரங்களில் ஒன்றுகூட இன்று கிடையாது. அந்த மலைக்காடு முழுவதும் செம்பனையாகிவிட்டது. அம்மா பின்னாலேயே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ கனாக் கண்டுட்டாரு, நீ போய்ப் படு" என்று என்னை அனுப்பிவிட்டார்.

அது கனவல்ல என்பது சில மாதங்களில் தெரிந்துபோயிற்று. ஒட்டுக்கடைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். கோப்பிக்குக் காசு கொடுக்கத் தெரியாமல் தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பினார். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டால், "அவருக்குக் காய்ச்சல், படுத்திருக்காரு" என்பார். கோயில் திருவிழாவுக்குக்கூட அவரை அழைத்துப் போகவில்லை. "புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசுவாங்க" என்பதுதான் அவருடைய பயம்.

ஒரு நாள் மதியம் பள்ளி முடிந்து வருகிறேன். வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்கிறது. என் வாழ்நாளில் அம்மா அப்படிக் கத்திக் கேட்டதில்லை. உள்ளே போனால் அப்பா சின்னப் பிள்ளைபோல் சுவரோரம் ஒடுங்கி நிற்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்.

"நாப்பத்தெட்டு வருசம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லம்மா. இன்னிக்கு வாய்யா போய்யான்னு பேசிட்டேன். காலையிலேர்ந்து முப்பது தடவை, 'எப்ப வீட்டுக்குப் போறோம், எப்ப வீட்டுக்குப் போறோம்'னு கேட்டா நான் என்னதான் செய்வேன்? இதுதான் வீடுன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நான் மனுசியே இல்ல. பாவி!"

அன்றிரவு அப்பா தூங்கிய பிறகு, அம்மாவை வாசல் திண்ணையில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். கற்பனைக் கதையல்ல, உண்மையில் நடந்தது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரு திரைப்படத்தின் மூலம் அறிந்து, பிறகு புத்தகமாகத் தேடிப் படித்தது. அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஐரிஸ் மர்டாக் என்றொரு எழுத்தாளர் இருந்தார். 1919-ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். 1954-இல் அவருடைய முதல் நாவல் "அண்டர் தி நெட்" வெளியாயிற்று. அதிலிருந்து நாற்பது ஆண்டுகளில் 26 நாவல்கள் எழுதினார். 1978-இல் "தி சீ, தி சீ" என்ற நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. 1987-இல் அரசாங்கமே "டேம்" என்ற உயர்ந்த பட்டத்தைக் கொடுத்தது. பேனாவைப் பிடித்துக் கையாலேயே எழுதுவார். எழுதியதைப் பிறர் திருத்துவதை அவ்வளவாக விரும்பமாட்டார். அத்தனை உறுதியான மூளை!

அவருடைய கணவர் ஜான் பேய்லி. நம் பழைய இந்தியாவில், லாகூரில், 1925-இல் பிறந்தவர். மனைவியைவிட ஏறக்குறைய ஆறு வயது இளையவர். பேசும்போது கொஞ்சம் திக்கும். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்துப் பேராசிரியராக உயர்ந்தவர். ஒரு நாள் கல்லூரி அறையின் சன்னல் வழியே பார்த்தபோது, சைக்கிள் மிதித்துக்கொண்டு ஒரு பெண் மெல்லப் போனாராம். பார்த்த மாத்திரத்தில் இவர் மனம் அங்கே போய்விட்டது. 1956-இல் திருமணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை.

"பிள்ளைங்க இல்லையா? பாவம்" என்றார் அம்மா.

அது ஒரு விசித்திரமான குடும்பம். வீடு கூட்டிப் பெருக்குவதில் இருவருக்கும் அக்கறை கிடையாது. எங்கு பார்த்தாலும் புத்தகமும் தூசியுமாகக் கிடக்கும். சமையல் பெரும்பாலும் கணவர்தான். ஆறு, குளம் எதைக் கண்டாலும் இருவரும் இறங்கி நீந்துவார்கள். அந்த அம்மாளுக்குத் தனியாக ஓர் உலகம் இருந்தது. தனி நட்புகள் இருந்தன. திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறு நேசங்களும் இருந்தன. கணவர் அதையும் அறிந்தேதான் வாழ்ந்தார். நம் குடும்பங்களுக்கு இது ஒத்துவராது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் திருமணம், இருவரும் கொஞ்சம் விலகி நின்று ஒருவரையொருவர் தனியே விட்டுவைத்ததால் நிலைத்தது. அவர் ஓர் அறையில் எழுதுவார். இவர் இன்னோர் அறையில் படிப்பார். அந்த இடைவெளிதான் அவர்களுக்கு மூச்சுக்காற்று.

நோய் முதலில் தின்றது அந்த இடைவெளியைத்தான்!

1994-ஆம் ஆண்டு இஸ்ரேல் நாட்டில் ஒரு கூட்டம். மேடையில் இருந்த ஐரிஸ் அம்மையாரிடம் சபையோர் கேள்வி கேட்கிறார்கள். தத்துவ ஆசிரியை அல்லவா? எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னவர்! அன்று வார்த்தை வரவில்லை. தடுமாறினார். பார்த்திருந்த கணவருக்கு மனத்தில் சுருக்கென்றது. அடுத்த ஆண்டு, 1995-இல், "ஜாக்சன்ஸ் டிலெமா" என்ற நாவல் வெளியாயிற்று. அதுவே கடைசி நாவல். எழுத முடியவில்லை, ஏதோ தடை என்றுதான் அவரே முதலில் எண்ணினார். 1997-இல் அது அல்சைமர் நோய் என்ற செய்தி ஊருக்குத் தெரிந்தது.

இந்த நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1906-ஆம் ஆண்டு அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விளக்கிச் சொன்னார். ஐம்பத்தொரு வயதில் நினைவு தப்பி மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணை அவர் கவனித்து வந்தார். அந்தப் பெண் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது, மூளை சுருங்கிப் போயிருந்ததையும், அதில் வேண்டாத படிவுகளும் சிக்கல் விழுந்த நூல்போன்ற இழைகளும் இருந்ததையும் கண்டார். ஆகவே இது செய்வினையும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல, முன்வினைப் பயனும் அல்ல. மூளையைப் பிடிக்கும் ஒரு வியாதி.

பெரும்பாலும் புதிய நினைவுகள்தாம் முதலில் போகும். காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது நிற்கும். இப்போது புரிகிறதா, அப்பா ஏன் விடியற்காலையில் பால்வெட்டுக் கத்தியைத் தேடினார் என்று? அவருக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காலம். அதில் அவர் இன்னும் பெரட்டுக்குப் போகிறார்.

2005-ஆம் ஆண்டு லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஐரிஸ் அம்மையாரின் முதல் நாவல், புகழின் உச்சியில் எழுதிய நாவல், கடைசி நாவல் ஆகிய மூன்றையும் எடுத்துச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். வாக்கிய அமைப்பு அவ்வளவாகக் கெடவில்லை. ஆனால் கடைசி நாவலில் சொல்வளம் குறைந்துபோயிருந்தது. அரிய சொற்கள் உதிர்ந்து, பழகிய எளிய சொற்களே மிஞ்சின. நோய் என்று யாரும் அறிவதற்கு முன்பே அது அவருடைய பேனாவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நிறைகுடத்தில் ஊசித்துளை விழுந்தாற்போல!

பிறகு வீட்டில் என்ன நடந்தது? அந்தக் கணவர் அதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியவர், இப்போது கணவர் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்தார். ஒரு நிமிடம் கண்ணுக்கு மறைந்தால் கலங்கினார். கேட்டதையே கேட்டார். எப்போது புறப்படுகிறோம், எங்கே போகிறோம் என்பதுதான் ஓயாத கேள்வி. தெருவில் கிடக்கும் கல், குச்சி, சிகரெட் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உடை மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் போராட்டமாயிற்று. 26 நாவல் எழுதிய கை! தொலைக்காட்சியில் கைக்குழந்தைகளுக்காகக் காட்டும் "டெலிடபீஸ்" என்ற நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பேராசிரியரும் தத்துவ ஆசிரியையும்!

"அவரு எப்படித் தாங்கினாரு?" என்று அம்மா கேட்டார்.

எப்போதும் தாங்கவில்லை. பொறுமை கெட்டுக் கத்தியிருக்கிறார். கோபம் தலைக்கேறி, பிறகு அதற்காக வெட்கப்பட்டிருக்கிறார். அதையும் அவரே எழுதியிருக்கிறார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் துரையும் சத்தம் போட்டாரா?"

"போட்டாரும்மா."

"பெரிய படிப்புப் படிச்சவரு. அவருமா?"

"அவரும்தான்."

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் மட்டும் பாவியில்ல" என்றார். எத்தனை மாதமாக அந்தப் பாரத்தைத் தனியே சுமந்தாரோ!

வாசகர்களே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் பலர், சத்தம் போட்ட குற்ற உணர்விலேயே நொந்துபோகிறார்கள். கோபம் வருவது அன்பு இல்லாததால் அல்ல. உடம்பும் மனமும் ஓய்ந்துபோவதால். அதற்காக அடிக்கலாம், கட்டிப்போடலாம் என்று நான் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நில்லுங்கள். இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

அந்தக் கணவர் என்ன வழி கண்டார் தெரியுமா? காலையில் மனைவி பக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கும்போதே, படுக்கையில் இருந்தபடி தட்டச்சுப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார். அந்தக் கொஞ்ச நேரம் அவருடையது. இன்னொன்று, விளையாட்டுப் பேச்சு. அர்த்தமுள்ள வாக்கியம் மனைவிக்குப் புரியாமல் போன பிறகும், குரலின் இனிமை புரிந்தது. அவர் வேடிக்கையாக ஏதாவது உளறினால் அம்மையார் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. சிரிப்புக்குச் சிரிப்பு கிடைத்தது. நண்பர்களும் கைகொடுத்தார்கள். 1999 பிப்ரவரி 8-ஆம் நாள், தமது 79-ஆம் வயதில், ஆக்ஸ்போர்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஐரிஸ் மர்டாக் காலமானார். கடைசிச் சில வாரங்கள்தாம் அங்கே இருந்தார். அதுவரை கணவரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய நாற்பத்திரண்டரை ஆண்டுத் தாம்பத்தியம்!

மனைவி உயிரோடு இருக்கும்போதே, 1998-இல், அவர் இதையெல்லாம் புத்தகமாக வெளியிட்டுவிட்டார். 2001-இல் அது திரைப்படமாயிற்று. ஜூடி டென்ச் அம்மையார் முதிய ஐரிஸாக நடித்தார். கணவராக நடித்த ஜிம் பிராட்பெண்டுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லாரும் புகழவில்லை. வாய்பேச முடியாத மனைவியின் அந்தரங்கத்தை அவருடைய சம்மதமின்றி ஊருக்குக் காட்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நம்மில் யாருக்கு, நம்மைக் குளிப்பாட்டும் காட்சியைப் பிறர் படிப்பது பிடிக்கும்?

ஆனால் ஒளிப்பதும் ஒரு கொடுமையல்லவா? அம்மா அப்பாவை ஒளித்துவைத்தார். அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. தெரியாததால் யாரும் உதவவில்லை. உதவி இல்லாததால் அம்மா கத்தினார். கத்தியதால் இன்னும் ஒளித்தார். அந்தப் பேராசிரியர் சொன்னது கூடுதலாக இருக்கலாம். நாம் சொல்வது மிகவும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்லலாம்; நோயாளியின் மானத்தைக் காக்கலாம்.

அடுத்த வாரம் அப்பாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நீங்களும் கவனிக்கவேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது யாருக்கும் வரும். பழகிய பாதையில் வழி தப்புவது, காசு எண்ணத் தடுமாறுவது, கேட்டதையே சிறிது நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, குணம் அடியோடு மாறுவது, இவை வெறும் முதுமை அல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏனென்றால் தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் சிறுநீர்க் கிருமி போன்ற காரணமும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். அல்சைமர் என்றே ஆனால், முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்பாட்டில் வைப்பது இந்த நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க உதவும். இனிப்புக் கோப்பியை விடாத நம்மவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? வாதாடாதீர்கள். "வேலையை விட்டு இருபது வருசமாச்சு" என்று நூறு தடவை சொன்னாலும் அது அவருக்குப் புதுச் செய்திதான்; புது வேதனைதான். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுப்பின் எரிவாயுவை இரவில் மூடிவையுங்கள். சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது விடுதலை கொடுங்கள். பட்டணத்தில் இருக்கும் அண்ணன் தம்பிமார்களே, மாதாமாதம் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்ததாக எண்ண வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோடு உட்காருங்கள். அம்மா கோயிலுக்குப் போய்வரட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். அப்பா தேறவில்லை. தேறமாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். சில நாள் என்னைத் தம்முடைய தங்கை என்று எண்ணுகிறார். ஆனால் விடியற்காலையில் அவர் எழுந்து கத்தியைத் தேடினால் அம்மா இப்போது அழுவதில்லை. "வெளியில மழைங்க. இன்னிக்கு மரம் ஈரம், வெட்டில்ல" என்கிறார். அப்பா நிம்மதியாகத் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மழை நாளில் பால்வெட்டு இல்லை என்பது மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை!

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அம்மா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "மறதி வியாதி. ஆஸ்பத்திரியில காட்டுறோம்" என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரோடு ஒரே பெரட்டில் நின்ற பழைய கூட்டாளி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மண்டோர் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா கலகலவென்று சிரித்தார்.

இதை எழுதுவதற்கு முன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். அப்பாவிடம் கேட்டுப் புரியவைக்க முடியாதே! அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"எழுதும்மா. நம்மள மாதிரி எத்தனை வீட்டுல ஒளிச்சு வச்சிருக்காங்களோ. ஆனா அவரு பேரப் போடாதே. நான் சத்தம் போட்டத மட்டும் மறக்காம எழுது" என்றார்.

எழுதிவிட்டேன், அம்மா.